பழைய மோட்டார் சைக்கிளும் பரீட்சைச் சரித்திரமும்

நம் நாட்டு மாட்டுச் சந்தைக்குச் சென்று வந்தோர் யாவரும் ஒரு காட்சியைக் கண்டிருப்பர். உழவர் ஒருவர் தாம் விரும்பிய காளையின் அருகிற் சென்று, முதலில் அதன் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார். பின்னர் நெற்றியிலும் முதுகிலும் உள்ள சுழிகளை நோக்குவார். நாலடி நடத்திப் பார்ப்பார். அதன் பின்னரே தரகர் தம் துண்டை விரித்து, அதன் மறைவில் விரலைப் பிடித்து விலை பேசுவார். விற்பவர் எத்துணை நல்லவராயினும், வாங்குபவர் பல்லைப் பிடித்துப் பாராமற் போவதில்லை. அங்ஙனம் பார்ப்பதை விற்பவரும் அவமதிப்பாகக் கொள்வதில்லை. மாட்டின் வயதை வாய்ச்சொல் மறைக்கலாம், பல் மறைக்காது என்பதை இருவரும் அறிவர்.

அவ்வுழவரின் பேரன் கல்வி கற்று, கையிற் சிறிது பொருள் சேர்த்து, பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கப் புறப்படும்போது என் செய்கின்றான்? பெட்ரோல் டாங்கியின் மினுமினுப்பைப் பார்க்கின்றான். ஒரு முறை உதைத்து இயக்கி, எஞ்சினின் ஒலியைக் கேட்கின்றான். தெருக்கோடி வரை ஓட்டி வருகின்றான். விலையில் இரண்டாயிரம் குறைத்துவிட்டதாக மகிழ்ந்து முன்பணத்தைக் கொடுத்துவிடுகின்றான். தாத்தாவுக்கு இருந்த நிதானம் பேரனுக்கு இல்லாமற் போயிற்று. இரும்பு வண்டிக்குப் பல் ஏது என்று வினவுவீராயின், உண்டு என்பதே என் விடை. ஆண்டுதோறும் நடைபெறும் ஓட்டத்தகுதிப் பரீட்சையின் சரித்திரமே அதன் பல். அதனை எவரும் திறந்து பார்க்கும்படி வைத்திருக்கும் நாடும் உண்டு. அத்தகைய ஏடே இல்லாத நாடும் உண்டு. முன்னதற்கு எடுத்துக்காட்டு பிரிட்டன். பின்னதற்கு நம் இந்தியா. இவ்விரண்டையும் பற்றிச் சில சொல்லப் புகுகின்றேன்.

இப்பொருளில் என் சிந்தையைச் செலுத்தியது ஒரு நண்பரின் அனுபவம். இக்கலாசாலை விடுதியில் என்னோடு ஒரே அறையில் வசித்த அவர், இப்பொழுது இங்கிலாந்தின் வடபகுதியில் ஒரு நகரில் தொழில் புரிகின்றார். 2023ஆம் ஆண்டு கோடைகாலத்தில், 1999இற் பதிவான ஒரு மோட்டார் சைக்கிள் விலைக்கு வந்திருப்பதறிந்து பார்க்கச் சென்றார். வண்டி புதுமணப்பெண் போல் அலங்கரித்து நின்றது. மைல் கணக்குக் காட்டி பதினோராயிரத்துக்குச் சற்றே மிகுதியாகக் காட்டிற்று. பரீட்சையில் தேறிய அத்தாட்சிக்கு இன்னும் எட்டு மாதம் தவணை இருந்தது. விற்பவர் மரியாதையான மனிதர். தேநீர் கொடுத்து உபசரித்தார். நண்பர் மனம் முற்றும் இசைந்துவிட்டது. உடன் சென்ற மெக்கானிக்கு ஒருவர் மட்டும், "சற்றுப் பொறும், வண்டியின் எண்ணைக் கொண்டு அதன் பழைய ஏட்டைப் பார்த்துவிடுவோம்" என்று தம் கைபேசியை எடுத்தார்.

ஏடு திறந்தது. 2015இல் 26,400 மைல்; 2016இல் 28,150; 2017இல் 29,900, அவ்வாண்டில் முன்பிரேக்கு ஒழுங்காகப் பிடியாமையால் முதலில் தோல்வி, பின்னர்த் தேர்ச்சி; 2018இல் 31,020, ஹாண்டில் திரும்பும் கோன் செட்டில் சொரசொரப்பு, கீழ்ச்சட்டத்தில் துரு என்று இரண்டு எச்சரிக்கைகள். அதன் பின் மூன்றாண்டுகள் ஒன்றும் இல்லை. 2022இல் வண்டி மீண்டும் பரீட்சைக்கு வந்தபோது மைல் கணக்கு 9,640! முப்பத்தோராயிரம் ஓடிய வண்டி மூன்றாண்டு நின்ற பின் இளமை பெற்று எழுந்துவிட்டது. துருவைப் பற்றிய பேச்சும் இல்லை. கீழே குனிந்து பார்த்தபோது, சட்டமெங்கும் கனத்த கறுப்பு வர்ணம் புதிதாகப் பூசப்பட்டிருந்தது. அதன் அடியில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

நண்பர் விற்பவரிடம் கோபியாமல் இதனைக் காட்டினார். அம்மனிதரின் முகம் வாடிற்று. தாம் அதற்கு முந்திய ஆண்டிலேதான் அவ்வண்டியை வாங்கியதாகவும், அவ்வேட்டைத் தாம் ஒருபொழுதும் பார்த்ததில்லை என்றும் அவர் கூறினார். அவர் கூறியது மெய்யென்றே நண்பர் நம்புகின்றார், யானும் நம்புகின்றேன். இங்கேதான் இவ்விஷயத்தின் முக்கியம் இருக்கின்றது. பொய் சொன்னவன் ஒருவனாயிருக்கலாம். அப்பொய்யை அறியாமல் சுமந்து அடுத்தவர் கையிற் கொடுப்பவர் பலராகின்றனர். வாங்கும்பொழுது பாராதவன், விற்கும்பொழுது தன்னையறியாமலே பொய்யனாகின்றான். நண்பர் அவ்வண்டியை வாங்காது திரும்பினார். அடுத்த வாரமே வேறொருவர் அதனை வாங்கிச் சென்றதாகக் கேள்வி. அவர் ஏட்டைத் திறந்து பார்த்தனரோ, இலரோ, அறியேன்.

இனி, அவ்வேடு எங்ஙனம் தோன்றிற்று என்பதைச் சிறிது காண்போம். பிரிட்டனில் 1956ஆம் ஆண்டுச் சாலைப் போக்குவரத்துச் சட்டம் அரசாங்கத்துக்கு இப்பரீட்சையை நடத்தும் அதிகாரத்தைக் கொடுத்தது. 1960இல் எர்னஸ்ட் மார்பிள்ஸ் போக்குவரத்து மந்திரியாயிருந்த காலத்திற் பரீட்சை தொடங்கிற்று. அம்மந்திரி இலாகாவின் பெயர் முதலெழுத்துக்களைக் கொண்டு 'எம்.ஓ.டி.' என்று மக்கள் அதனை அழைக்கலாயினர். அந்த இலாகாவின் பெயர் மாறிப் பல்லாண்டாகியும் பரீட்சையின் பெயர் மாறவில்லை. தொடக்கத்திற் பத்தாண்டு கடந்த வண்டிகளே பரீட்சைக்கு உரியனவாயிருந்தன. பிரேக்கு, விளக்கு, திருப்பும் உறுப்புக்கள் ஆகியவற்றையே நோக்கினர். பின்னர் வயதெல்லை படிப்படியாகக் குறைந்து, 1967இல் மூன்றாண்டாயிற்று. இங்கிலாந்து, ஸ்காத்லாந்து, வேல்ஸ் ஆகிய பகுதிகளில் இன்றும் மூன்றாண்டு கடந்த மோட்டார் சைக்கிள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கொரு முறை அதிகாரம் பெற்ற பட்டறையிற் பரீட்சிக்கப்படல் வேண்டும். பக்கவண்டி இல்லாத மோட்டார் சைக்கிளுக்குப் பட்டறையார் வாங்கத்தக்க கட்டணத்தின் உச்சவரம்பு 29 பவுன் 65 பென்ஸ்.

ஆயினும் நெடுங்காலம் அது ஒரு காகிதத் துண்டாகவே இருந்தது. இவ்வாண்டுக் காகிதத்தைக் காட்டி, சென்ற ஆண்டுக் காகிதத்தைக் கிழித்துவிட்டால் வண்டியின் வாழ்க்கை மறைந்துபோகும். 2005ஆம் ஆண்டு முதற்கொண்டு பரீட்சையின் முடிவுகள் கணினியிற் சேரத் தொடங்கியபோதுதான் நிலைமை மாறிற்று. இப்பொழுது வண்டியின் பதிவெண் ஒன்றைத் தெரிந்தவர் எவராயினும், ஒரு காசும் கொடாமல், அரசாங்க வலைத்தளத்தில் அவ்வாண்டு முதல் நடந்த பரீட்சைகளைக் காணலாம். வட அயர்லாந்தின் பரீட்சைகள் 2017 முதற்கொண்டு கிடைக்கும். தேர்வும் தோல்வியும், தோல்வியின் காரணமும், அன்றைய மைல் கணக்கும், இனிக் கவனிக்கவேண்டியவை என்று பரீட்சகர் எழுதிய எச்சரிக்கைகளும் அங்கே நிரலே நிற்கும். 2018ஆம் ஆண்டு மே மாதம் முதல் குறைகளை அபாயமானவை, பெரியவை, சிறியவை என வகுத்து எழுதுகின்றனர். முதலிரு வகையும் தோல்வி; மூன்றாவது வகை தேர்ச்சியைத் தடுக்காது. இவற்றுக்கும் அப்பால் நிற்பதே எச்சரிக்கைக் குறிப்பு.

இவ்வேட்டை வாசிப்பதும் ஒரு கலை. தேர்ந்ததா, தோற்றதா என்று மட்டும் பார்ப்பவன், புத்தகத்தின் அட்டையை மட்டும் பார்ப்பவனை ஒப்பான். முதலாவது, மைல் கணக்கை ஆண்டு வரிசைப்படி எழுதிப் பார்த்தல் வேண்டும். அது ஏறிக்கொண்டே வருதல் இயற்கை. இறங்குமாயின் காரணம் கேட்டல் வேண்டும். கருவி பழுதுபட்டு மாற்றப்பட்டிருக்கலாம், பரீட்சகர் ஓர் எண்ணைப் பிழையாக எழுதியிருத்தலுங் கூடும். நேரிய காரணம் உள்ளவன் அதற்குரிய ரசீதையும் வைத்திருப்பான். இரண்டாவது, ஒரே எச்சரிக்கை ஆண்டுதோறும் திரும்பத் திரும்ப வருகின்றதா என்று நோக்குக. 'செயினும் பற்சக்கரமும் தேய்ந்துள' என்று மூன்றாண்டு தொடர்ந்து எழுதப்பட்டிருந்தால், கெட்டது செயின் மட்டுமன்று, வண்டியை வைத்திருந்தவரின் வழக்கமுங் கெட்டிருந்தது என்பது விளங்கும். ஐம்பது சி.சி.க்கு மேற்பட்ட மோட்டார் சைக்கிளின் டயரில் அகலத்தின் நான்கில் மூன்று பங்கிற் குறைந்தது ஒரு மில்லிமீட்டர் ஆழமாவது வரிப்பள்ளம் இருத்தல் வேண்டுமென்பது அங்குள்ள சட்டம். அவ்வளவு எளிய ஒன்றிலே ஆண்டுதோறும் தோற்பவர், கண்ணுக்குத் தெரியாத எண்ணெயையும் பிரேக்குத் திரவத்தையும் காலத்தில் மாற்றியிருப்பாரென நம்புதல் எங்ஙனம்?

மூன்றாவது, இடைவெளி. ஓராண்டோ ஈராண்டோ பரீட்சை இல்லையெனின், வண்டியைச் சாலையில் ஓட்டுவதில்லை என்று சட்டப்படி அறிவித்துக் கொட்டகையிலே நிறுத்தியிருக்கலாம். அது குற்றமன்று. ஆயினும் நெடுநாள் நின்ற வண்டியின் டயர் வெடிப்புறும், டாங்கியின் உட்புறம் துருவேறும், பிரேக்கு இறுகும். ஆதலின் இடைவெளியின் காரணத்தையும், மீண்டும் ஓட்டத் தொடங்கியபோது செய்த வேலையையும் கேட்டல் வேண்டும். நான்காவது, தோல்வியைக் கண்டு அஞ்சற்க. தோற்று, குறை தீர்த்து, மறுபடி தேர்ந்து, அக்குறை பின்னர் ஒருபொழுதும் தோன்றாத வண்டி நல்ல வண்டி. நன்றாய் வைத்திருந்தவன் என்பதற்கு அஃதே சான்று. பரீட்சை நடந்த பட்டறை எது என்பதையும் அறிய விரும்பினால், வண்டியின் பதிவுப் பத்திரத்திலுள்ள எண் வேண்டும். அதனைக் காட்டுமாறு விற்பவரைக் கேட்பதில் தவறில்லை.

ஏட்டுக்கும் எல்லை உண்டு என்பதை மறத்தலாகாது. அப்பரீட்சை எஞ்சின், கிளச்சு, கியர்ப்பெட்டி ஆகியவற்றின் உடல்நலத்தை ஆராய்வதன்று. சாலையிற் செல்லுதற்கேற்ற பாதுகாப்பு உண்டா என்பதே அதன் கேள்வி. அதுவும் அன்றொரு நாளின் நிலையை மட்டுமே கூறும். மறுநாள் பள்ளத்தில் விழுந்தால் அத்தாட்சிப் பத்திரம் காப்பாற்றாது. நாற்பதாண்டு கடந்து, பெருமாறுதல் செய்யப்படாத வண்டிகள் 2018 முதல் அங்கே பரீட்சையினின்று விலக்குப் பெறலாம். ஆகவே மிகப் பழையவற்றில் ஏடு இடையிலே நின்றுபோயிருக்கும். இக்குறைகளைக் கொண்டு, "ஏட்டைப் பார்த்து என்ன பயன்? வண்டியைப் பார்த்தாற் போதாதா?" என்பார் உளர். இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. வண்டி இன்றைய நாளைக் காட்டும். ஏடு நேற்றைய நாட்களைக் காட்டும். வைத்தியரும் நாடியைப் பிடித்துப் பார்ப்பதோடு, முன்னே வந்த நோயையும் விசாரிக்கின்றார் அன்றோ?

மற்றுஞ் சிலர், இங்ஙனம் துருவிப் பார்த்தல் அவநம்பிக்கையின் அடையாளம் என்பர். மனிதரை நம்புதல் நற்குணமே. ஆனால் நம்பிக்கை வேறு, சோம்பல் வேறு. கேட்கவேண்டியதைக் கேளாமல் வாங்கி, பின்னர் நண்பனாயிருந்தவனை ஏமாற்றுக்காரனென்று ஊரெங்கும் தூற்றுவதினும், முன்னரே ஏட்டை இருவரும் சேர்ந்து வாசித்தல் நட்புக்கு ஏற்றது. இங்கே இழப்பது பணம் மட்டுமாயின் யான் இத்துணை எழுதேன். நான்கு சக்கர வண்டியில் ஒரு பிரேக்கு குறைந்தாலும் தாங்கி நிற்க மற்றவை உள. இரண்டு சக்கரத்தின் மேல் அமர்ந்தவனுக்கு முன்சக்கரம் ஒன்று பிழைத்தால் வேறு துணை இல்லை. அவன் பின்னால் அமர்ந்திருப்பவர் பெரும்பாலும் அவன் தாயோ, தங்கையோ, தோழனோ. அவர் ஏட்டையும் பார்த்திலர், வண்டியையும் தேர்ந்திலர்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். சென்னைத் திருவொற்றியூரில் உருவான என்பீல்டு புல்லட் மோட்டார் சைக்கிள்கள் 1977 முதற்கொண்டு பிரிட்டனுக்கு ஏற்றுமதியாயின. நம் தொழிலாளர் கையால் உருவான அவ்வண்டி அங்கே சென்று ஆண்டுதோறும் பரீட்சை கொடுத்துத் தன் சரித்திரத்தை ஏட்டிற் பதிந்தது. அதனுடன் பிறந்து இங்கேயே தங்கிவிட்ட வண்டிக்கோ அத்தகைய ஏடு இல்லை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, சொந்த உபயோகத்துக்குரிய மோட்டார் சைக்கிளின் பதிவு பதினைந்து ஆண்டு செல்லும். அதன் பின்னரே வண்டியைப் பார்வையிட்டு ஐந்தைந்தாண்டாகப் புதுப்பிக்கின்றனர். இடையிலே புகைப்பரீட்சை உண்டு, இன்ஷ்யூரன்ஸ் உண்டு. பிரேக்கையும் போர்க்கையும் சட்டத்தையும் ஆண்டுதோறும் பார்த்து எழுதும் ஏற்பாடு இல்லை. பதிவெண்ணைக் கொண்டு அரசாங்கத் தளத்திற் பார்த்தால், வண்டி எந்நாளிற் பதிவாயிற்று, இன்ஷ்யூரன்ஸ் எதுவரை உண்டு என்பன போன்றவை தெரியலாம். அதன் முன்பிரேக்கு சென்ற ஆண்டு எப்படியிருந்தது என்பதை எவ்வேடும் சொல்லாது.

இக்குறை நீங்குதல் வேண்டும் என்பதே என் கோரிக்கை. எல்லா மோட்டார் சைக்கிள்களையும் ஆண்டுதோறும் பரீட்சிப்பது நம் நாட்டில் உடனே கைகூடாதெனின், குறைந்தபட்சம் ஐந்தாண்டு கடந்த வண்டி கைமாறும்போதாவது ஒரு பரீட்சை நடத்தி, முடிவையும் கிலோமீட்டர் கணக்கையும் யாவரும் காணும்படி பதிந்துவைக்கலாம். இது ஏழைக்குச் சுமையாகும் என்று ஆட்சேபிப்பர். பழைய வண்டியை வாங்குபவன் பெரும்பாலும் ஏழையே. ஆதலின் கெட்ட வண்டியால் நஷ்டமடைபவனும் அவனே. சிறு கட்டணம் அவனைக் காக்குமேயன்றி வருத்தாது. பரீட்சையில் லஞ்சம் புகும் என்று ஆட்சேபிப்பாரும் உளர். மூடிய பெட்டியிற் கிடக்கும் அத்தாட்சியில் லஞ்சம் புகுதல் எளிது. யாவரும் காணும் ஏட்டிலோ, இவ்வாண்டு எழுதிய பொய்யை அடுத்த ஆண்டுப் பரீட்சகர் எழுதும் மெய் காட்டிக்கொடுக்கும். ஆகவே பரீட்சையினும் பெரிது, அதன் சரித்திரம் வெளிச்சத்தில் இருத்தல்.

அரசாங்கம் செய்யும்வரை நாம் கைகட்டியிருக்க வேண்டுவதில்லை. நம் விடுதிகளில் ஆண்டுதோறும் நிகழ்வதொன்றை யாவரும் அறிவோம். இறுதியாண்டு மாணவர் பரீட்சை முடிந்து ஊருக்குப் புறப்படுமுன், தம் பழைய மோட்டார் சைக்கிளை முதலாண்டு மாணவருக்கு விற்றுச் செல்கின்றனர். 'அண்ணன் வண்டி' என்ற ஒரு சொல்லே அத்தாட்சியாகிவிடுகின்றது. பல வேளைகளில் ஆர்.சி. புத்தகத்திற் பெயரும் மாறுவதில்லை. சட்டமோ விற்றவர் பதினான்கு நாளிலும் வாங்கியவர் முப்பது நாளிலும் அறிவித்தல் வேண்டுமென்கின்றது. பதிவேட்டிற் பெயருள்ளவரே உடையவராகக் கருதப்பட்டு விபத்து நஷ்டஈட்டுக்குப் பொறுப்பாவர் என்று இந்திய உச்ச நீதிமன்றம் 2018இல் தீர்ப்பளித்துமிருக்கின்றது. ஆதலின் பெயரை மாற்றாமல் விற்றுச் சென்ற அண்ணன், தாம் கண்ணாலும் காணாத விபத்துக்குப் பின்னொருநாள் பதில் சொல்ல நேரிடும்.

சகோதர மாணவர்காள்! வண்டி வைத்திருப்போர் இன்றே நாலணா நோட்டுப் புத்தகம் போன்ற ஒன்றை எடுத்து, எந்நாளில் எத்தனை கிலோமீட்டரில் என்ன பழுது பார்த்தீர்கள் என்பதை எழுதத் தொடங்குங்கள். ரசீதுகளை அதிலே செருகி வையுங்கள். விற்கும்பொழுது வண்டியோடு அப்புத்தகத்தையும் கொடுங்கள். தீராத குறை இருந்தால் கடைசிப் பக்கத்தில் உங்கள் கையாலேயே எழுதிவிடுங்கள். ஆயிரம் ரூபாய் குறையலாம். தம்பியின் உயிருக்கு அது பெரிய விலையன்று. வாங்குவோரோ, அண்ணனென்று கூசாமல், "புத்தகம் எங்கே?" என்று கேளுங்கள். இல்லையெனின், நம்பத்தகுந்த மெக்கானிக்கு ஒருவரை அழைத்துச் சென்று, சேஸிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். முன்சக்கரத்தைத் தரையினின்று தூக்கச் செய்து ஹாண்டிலை இருபுறமும் மெல்லத் திருப்பிப் பாருங்கள். மேல்நாடு சென்று படிக்கவிருப்போர் இன்னும் எளிதாய்த் தப்பலாம். எண்ணை எழுதினால் ஏடு திறக்கும்.

அடுத்த ஆண்டு இம்மலர் வெளிவரும்போது, நம் விடுதி வாயிலில் நிற்கும் ஒவ்வொரு பழைய வண்டிக்கும் அத்தகைய ஒரு புத்தகம் இருக்குமாயின், யான் எழுதியது வீண்போகவில்லை என்று மகிழ்வேன்.